எஜமானரை இழந்த நாய்க்குப் புதிய வீடு



இந்த மாதம் உங்களுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். பாடப்புத்தகக் கணக்கைப் போலவே இதிலும் 'கொடுக்கப்பட்டவை' உண்டு. 'காண வேண்டியது' உண்டு. ஆனால் விடை தவறினால் இங்கே மதிப்பெண் குறையாது. ஓர் உயிர் போகக்கூடும்.

கொடுக்கப்பட்டவை: உங்கள் தெருவில் ஒரு பெரியவர் ஆறு ஆண்டுகளாக ஒரு ராஜபாளையம் நாயை வளர்த்து வந்தார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, எடை 30 கிலோ. போன மாதம் பெரியவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் வெளியூரில் மாடிக் குடியிருப்புகளில் வசிப்பவர்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகப் போகிறார்கள். நாயோ வாசற்படியில் படுத்துக்கொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. வைத்த சோறு வைத்தபடி இருக்கிறது.

காண வேண்டியது: அந்த நாய்க்கு ஒரு வீடு.

"தெருவில் விட்டால் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்" என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் வளர்ந்த நாய்க்கு உணவு தேடத் தெரியாது. வண்டிகளுக்கு ஒதுங்கத் தெரியாது. தெரு நாய்கள் தங்கள் எல்லைக்குள் அதை விடமாட்டா. பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும். "முதலில் கேட்பவருக்குக் கொடுத்துவிடலாம்" என்பது இன்னொரு அவசர விடை. அப்படிக் கொடுத்த பெரிய நாய், "சாப்பிட மாட்டேன் என்கிறது, உறுமுகிறது" என்று பத்தே நாளில் திரும்பி வரும். ஆகவே கணக்கைப் படிப்படியாகப் போடுவோம்.

துக்கமா, நோயா, செவிடா?

நாய் சாப்பிடவில்லை; கூப்பிட்டால் திரும்பவில்லை; நாள் முழுதும் படுத்திருக்கிறது. உடனே நாம் "துக்கத்தில் இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். அறிவியல் மாணவர் இங்கே சற்று நிற்க வேண்டும். ஒரே விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கலாம் அல்லவா?

முதலாவது, நோய். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் அளவு அதற்கு நலமான அளவு. எனவே தொட்டுப் பார்த்து "சுடுகிறதே" என்று முடிவு கட்டக் கூடாது. கால்நடை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். பல்வலி, சிறுநீரகக் கோளாறு, இரத்தத்தில் பூச்சி என எதுவானாலும் நாய் உண்ணாமல் படுத்துவிடும். இரண்டு நாட்கள் ஒன்றுமே உண்ணாவிட்டால் அதற்கு மேல் காத்திருக்கலாகாது.

இரண்டாவது, செவிடு. வெள்ளை நிற நாய் இனங்கள் சிலவற்றில் பிறவிச் செவிடு அதிகம். நம் ராஜபாளையமும் அவற்றுள் ஒன்று. பெரியவர் கையசைத்துக் கூப்பிட்டுப் பழக்கியிருப்பார். வீட்டில் மற்றவருக்கு அது தெரிந்திராது. சோதிப்பது எளிது. நாய் உங்களைப் பார்க்காதபோது, பத்தடி தூரத்திலிருந்து ஒரு தட்டைக் கரண்டியால் தட்டுங்கள். காது அசைகிறதா? தரையைத் தட்டிவிடாதீர்கள். அதிர்வு தரை வழியே பரவி நாயின் உடலை எட்டிவிடும். காதுக்கு வைத்த சோதனை பாழாகும். இரண்டு காதுகளும் கேட்காத நாயைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கலாம். புது வீட்டார் இதை அறிந்தே ஆக வேண்டும்.

இவ்விரண்டும் இல்லை என்றால் மூன்றாவதற்கு வருகிறோம். நாயின் மனத்துக்குள் புகுந்து பார்க்க நம்மால் முடியாது. அதன் நடத்தையை அளக்க முடியும். 2022ஆம் ஆண்டில் இத்தாலியில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. இரண்டு நாய்கள் வளர்த்து அவற்றுள் ஒன்றை இழந்த 426 பேரிடம், எஞ்சிய நாய் எப்படி நடந்துகொண்டது என்று கேட்டார்கள். 86 சதவீதத்தினர் மாற்றம் கண்டதாகக் கூறினர். விளையாட்டுக் குறைந்தது, உறக்கமும் அச்சமும் மிகுந்தன, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாய்கள் குறைவாக உண்டன. பல நாய்களுக்கு இந்த மாற்றம் மாதக் கணக்கில் நீடித்தது. இது மனிதரை இழந்த நாய்களைப் பற்றிய ஆய்வு அன்று. வளர்ப்பவர்கள் கண்டதைச் சொன்னதுதான். என்றாலும் ஒரு செய்தி கிடைக்கிறது. பத்து நாட்களில் நாய் பழையபடி ஆகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு இந்த நாயைக் கொடுக்கக் கூடாது.

மூக்கில் இருக்கிறது வீடு

நமக்கு வீடு என்றால் சுவர், கதவு, முகங்கள். நாய்க்கோ வீடு என்பது பெரும்பாலும் மணம். நம் மூக்கில் மணம் உணரும் செல்கள் ஏறத்தாழ 50 இலட்சம். நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். மோப்பம் பிடிக்கும்போது அது வினாடிக்கு ஐந்து முறை வரை காற்றை இழுக்கிறது.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரின் எமரி பல்கலைக்கழகத்தில் 12 நாய்களைப் பழக்கி, எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்க வைத்தார்கள். ஐந்து மணங்களைக் காட்டினார்கள்: நாயின் சொந்த மணம், தெரிந்த மனிதர், தெரியாத மனிதர், தெரிந்த நாய், தெரியாத நாய். மகிழ்ச்சியை எதிர்பார்க்கும்போது தூண்டப்படும் மூளைப் பகுதி, தெரிந்த மனிதரின் மணத்துக்கே மிகுதியாகக் கிளர்ந்தது. அந்த மனிதர் அப்போது அந்த அறையில் இல்லை. அவருடைய மணம் மட்டுமே இருந்தது. கிரிகரி பெர்ன்ஸ் என்பவரின் குழு 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இது.

வாசற்படியில் கிடக்கும் நம் நாயை இப்போது எண்ணிப் பாருங்கள். பெரியவரின் துண்டு, பாய், சாய்வு நாற்காலி ஆகியவற்றிலிருந்து மண மூலக்கூறுகள் இன்னும் வெளிவந்துகொண்டே இருக்கின்றன. பருத்தி இழைகளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். வியர்வையும் தோல் எண்ணெயும் அவற்றில் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லவே ஆவியாகின்றன. விரவல் என்னும் நிகழ்ச்சியால் அந்த மூலக்கூறுகள் அறையெங்கும் பரவுகின்றன. நமக்குப் பெரியவர் இறந்துவிட்டார். நாயின் மூக்குக்கு அவர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்.

துக்க வீட்டில் எல்லாவற்றையும் துவைத்துக் கழுவுவது நம் வழக்கம். அதற்கு முன்பு பெரியவரின் பழைய வேட்டி ஒன்றையும் நாய் படுக்கும் சாக்கையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேட்டியை மூடி இறுகிய ஒரு டப்பாவில் போடுங்கள். மூடிய டப்பாவில் ஆவியாகும் மூலக்கூறுகள் வெளியேற வழியின்றி மீண்டும் துணியிலேயே படிகின்றன. மணம் நெடுநாள் நிற்கும். புது வீட்டில் முதல் இரவு நாய்க்கு அந்த வேட்டி தேவைப்படும்.

பெரிய உடலின் கணக்கு

பெரிய நாய் என்றதும் மக்கள் அஞ்சுவது தீனிச் செலவுக்குத்தான். கணக்கிட்டுப் பார்ப்போம். 1932ஆம் ஆண்டில் மாக்ஸ் கிளைபர் என்ற அறிஞர், ஓய்வில் இருக்கும் பிராணிகளுக்குத் தேவைப்படும் ஆற்றல் எடைக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்ப ஏறுகிறது என்று கண்டார். சூத்திரம் இது: எடையைக் கிலோவில் எடுத்து அதன் மும்மடியைக் காணுங்கள், அதற்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுங்கள், 70ஆல் பெருக்குங்கள். கிடைப்பது நாளொன்றுக்கு வேண்டிய கிலோகலோரி.

30 கிலோ நாய்க்கு: 30இன் மும்மடி 27,000. வர்க்கமூலம் 164.3. மீண்டும் வர்க்கமூலம் 12.8. எழுபதால் பெருக்கினால் ஏறத்தாழ 900. இது படுத்தே கிடப்பதற்கு. வீட்டில் சாதாரணமாக நடமாடும் வளர்ந்த நாய்க்கு இதில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், அதாவது சுமார் 1,400 கிலோகலோரி வேண்டும். 7.5 கிலோ எடையுள்ள சிறிய நாயுடன் ஒப்பிட்டால் எடை நான்கு மடங்கு; தீனியோ 2.8 மடங்குதான். அரிசியால் மட்டும் அளந்தால் 400 கிராம் அரிசிக்குச் சமம். ஆனால் சோறு மட்டும் போட்டால் போதாது. முட்டை, இறைச்சி, மீன் போன்ற புரதமும் சேர வேண்டும். வருவாய் குறைந்த குடும்பம் இந்தச் செலவைத் தாங்குமா என்பதை முன்னதாகவே வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

தீனியை விட முக்கியமானது வெப்பம். 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் கன அளவு 1,000 கன செ.மீ.; பரப்பு 600 சதுர செ.மீ. பக்கத்தை இரட்டிப்பாக்குங்கள். கன அளவு 8,000 ஆகிறது, பரப்பு 2,400தான். உடலின் கன அளவில் வெப்பம் உண்டாகிறது. பரப்பின் வழியாக அது வெளியேறுகிறது. ஆகவே உடல் பெருக்கப் பெருக்க வெப்பத்தை வெளியேற்றுவது கடினமாகிறது. நாய்க்குப் பாதங்களில் தவிர வேறெங்கும் சொல்லத்தக்க வியர்வை கிடையாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறதே, அதுதான் அதன் குளிர்சாதனம்.

சித்திரை வெயிலில் காற்றின் வெப்பநிலை 39 டிகிரி என்று கொள்ளுங்கள். அது நாயின் உடல் வெப்பநிலைக்குச் சமம்! இப்போது காற்றுக்கு வெப்பம் செல்லாது. ஆவியாதல் ஒன்றே வழி. ஒரு கிராம் நீர் ஆவியாக சுமார் 580 கலோரி வேண்டும். ஒரு லிட்டருக்கு 580 கிலோகலோரி. தின்ற 1,400 கிலோகலோரியும் இப்படியே வெளியேற வேண்டுமானால் ஏறத்தாழ 2.4 லிட்டர் நீர் செலவாகும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதி. ஆவியாதல் அங்கே இன்னும் மந்தம். எனவே புது வீட்டைப் பார்க்கப் போகும்போது, தகரக் கொட்டகையா, மர நிழலா, குளிர்ந்த தரையா, நாள் முழுதும் தண்ணீர் நிறைந்த தொட்டி உண்டா என்று பாருங்கள். மாளிகையின் மொட்டை மாடியில் கட்டிப்போடுவதை விட ஓட்டு வீட்டுத் திண்ணை மேலானது.

மூன்றாவது கணக்கு, உந்தம். 30 கிலோ நாய் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பூனையைத் துரத்துகிறது. அதன் வார் 40 கிலோ எடையுள்ள உங்கள் கையில் இருக்கிறது. வார் இறுகியதும் இருவரும் சேர்ந்து நகர்ந்தால் வேகம், 150ஐ 70ஆல் வகுக்க, வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல்; நீங்கள் தரையில் இழுபடுவீர்கள். ஆகவே சிறுவர் மட்டும் உள்ள நேரத்தில் இந்த நாயை வெளியே அழைத்துச் செல்லும் வீடு ஏற்றதன்று. கயிறு கட்டுவதும் தவறு. அரை சென்டிமீட்டர் கயிற்றை விட இரண்டரை சென்டிமீட்டர்ப் பட்டை, அதே விசையை ஐந்து மடங்கு பரப்பில் பரப்புகிறது. கழுத்தில் அழுத்தம் ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. மார்பைச் சுற்றிய பட்டை இன்னும் நல்லது.

ஹச்சிக்கோ கற்பிக்கும் பாடம்

ஜப்பானிய நாய் ஹச்சிக்கோவின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். டோக்கியோ பல்கலைக்கழக வேளாண் பேராசிரியர் ஹிடெசாபுரோ உவெனோ 1925ஆம் ஆண்டு மே மாதம் திடீரென்று இறந்தார். அவர் வளர்த்த அக்கிட்டா இனத்துப் பெரிய நாய், 1935ஆம் ஆண்டு மார்ச் மாதம் தான் இறக்கும் வரை ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்து அவரை எதிர்பார்த்து நின்றது. இவ்வளவும் எல்லோரும் சொல்வது.

இடையில் நடந்ததைப் பலரும் சொல்வதில்லை. ஹச்சிக்கோவுக்கும் புதிய வீடு தேடப்பட்டது. தொலைவில் இருந்த உறவினர் வீடுகளுக்கு அனுப்பினார்கள்; நிலைக்கவில்லை. கடைசியில் ஷிபுயாவுக்கு அருகே வசித்த, பேராசிரியர் வீட்டின் பழைய தோட்டக்காரர் கோபயாஷி அதை ஏற்றார். குட்டியாக இருந்த நாள் முதல் அதை அறிந்தவர் அவர். நாய் அங்கே தங்கியது. நாள்தோறும் நிலையத்துக்குப் போயிற்று. மீண்டும் அவரிடமே வந்தது. அவர் அதன் காத்திருப்பைத் தடுக்கவில்லை.

நாய்க்கு ஏற்கெனவே தெரிந்த ஒருவர் யார் என்பதே நம் தேடலின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பால்காரர், வேலை செய்த அம்மா, பெரியவருடன் மாலையில் நடந்து வந்த நண்பர், எதிர்வீட்டு அக்கா — இவர்களை முதலில் கேளுங்கள். செல்வந்தரையும் பங்களாவையும் பிறகு தேடலாம்.

இன்னொன்றும் உண்டு. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த ஹச்சிக்கோவின் உறுப்புகளை ஆராய்ந்த டோக்கியோ பல்கலைக்கழகத்தார், அதற்குப் புற்றுநோயும் இதயத்தில் ஃபைலேரியா புழுக்களும் இருந்தன என்று 2011ஆம் ஆண்டில் தெரிவித்தார்கள். துக்கத்தின் சின்னமாக உலகம் போற்றிய நாய்க்கும் மருத்துவர் தேவைப்பட்டிருக்கிறார்!

தெரிந்தவர் எவரும் முன்வராவிட்டால்? மனம் தளர வேண்டாம். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகர ஆய்வாளர்கள் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை நம்பிக்கை தருகிறது. காப்பகத்தில் இருந்த வளர்ந்த நாய்களிடம் ஒருவர் தொடர்ந்து மூன்று நாட்கள், நாளுக்குப் பத்தே நிமிடம் பழகினார். பிறகு சோதித்தபோது பல நாய்கள் அவரை அந்நியராக அன்றி, தம்மவராக நடத்தின. வயதான நாய் புதியவரிடம் ஒட்டாது என்பது உண்மையன்று. பழையவரை மறந்த பிறகுதான் புதியவரிடம் ஒட்டும் என்பதும் உண்மையன்று.

மாற்றும் முறை

இனிச் செயல். பெரியவர்களின் துணையுடன் இதைச் செய்யுங்கள். துக்கத்தில் இருக்கும் பெரிய நாயிடம் தனியாக நெருங்க வேண்டாம். தவறிக் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் புதியவர் பழைய வீட்டுக்கு வரட்டும். மூன்று நாட்களாவது, பத்துப் பத்து நிமிடம். நேருக்கு நேர் கண்ணை உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, கையில் உள்ளதைத் தரையில் வைத்தால் போதும். அடுத்து இருவரும் சேர்ந்து நடக்கட்டும். பெரியவர் நடந்த அதே நேரம், அதே தெரு. பின்பு புது வீட்டுக்கு ஒரு மணி நேரப் பயணம். அதன் பிறகே குடிபெயர்ப்பு.

குடிபெயரும் நாளில் பழைய தட்டு, பழைய சாக்கு, டப்பாவில் வைத்த வேட்டி மூன்றும் கூடவே போகட்டும். உணவை ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு வாரத்தில் பழையதைக் கால் பங்கு, கால் பங்காகக் குறைத்துப் புதியதைச் சேர்க்க வேண்டும். முதல் சில வாரங்களுக்கு வாசல் கேட் மூடியே இருக்கட்டும். திறந்தால் நாய் பழைய வீட்டைத் தேடி ஓடும். நெடுஞ்சாலை குறுக்கே இருக்கும். கழுத்துப்பட்டையில் புது வீட்டின் தொலைபேசி எண் இருக்க வேண்டும். நாய் ஓடிவிட்டால் முதலில் தேட வேண்டிய இடம் பழைய வாசற்படிதான்.

ஒளிக்காமல் எழுதுங்கள்

நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி ஒரு குறிப்பேடு. ஏழு நாட்களுக்கு நாள்தோறும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எவ்வளவு உண்டது, எவ்வளவு நீர் குடித்தது, எத்தனை மணி நேரம் வாசலில் காத்தது, யாரைக் கண்டு வாலாட்டியது, யாரைக் கண்டு உறுமியது. உணவின் அளவை வரைபடத் தாளில் குறித்துப் புள்ளிகளை இணையுங்கள். கோடு கீழே போகிறதா, நிலைக்கிறதா, ஏறுகிறதா? மருத்துவருக்கு நூறு வார்த்தைகளை விட அந்த ஒரு கோடு பயன்படும்.

கடைசிப் பக்கத்தில் புது வீட்டாருக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். வயது, எடை, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட தேதி, காது கேட்குமா, குழந்தைகளிடம் எப்படி, இடியோசைக்கு அஞ்சுமா, எப்போதேனும் யாரையாவது கடித்ததா. "கடித்தது என்று எழுதினால் யார் எடுத்துக்கொள்வார்கள்?" என்று உங்களுக்குத் தோன்றும். ஒரு பரிசோதனையில் பிடிக்காத அளவீட்டை மறைத்தால் என்ன ஆகும்? முடிவு தவறும். இங்கே முடிவு என்பது ஒரு குழந்தையின் கை. பிறகு அந்த நாயின் உயிர். உண்மையைப் படித்த பிறகும் "சரி, கொண்டு வாருங்கள்" என்று சொல்பவர் ஒருவர் போதும். அவர் வீடுதான் இந்தக் கணக்கின் விடை.

பயிற்சி: 16 கிலோ எடையுள்ள ஒரு நாய்க்கு ஓய்வில் நாளொன்றுக்கு எவ்வளவு கிலோகலோரி தேவை? (விடை: 16இன் மும்மடி 4,096, வர்க்கமூலம் 64, மீண்டும் வர்க்கமூலம் 8, எழுபதால் பெருக்க 560.) உங்கள் வீட்டு நாயை எடை போட்டு அதற்கும் கணக்கிடுங்கள். எடை போடுவது எப்படி என்கிறீர்களா? நாயைத் தூக்கிக்கொண்டு அப்பாவை எடைமேடையில் ஏறச் சொல்லுங்கள்; பிறகு அவரைத் தனியே நிறுத்துங்கள்; கழித்துவிடுங்கள். ராஜபாளையமானால் அப்பா சற்றுத் திணறுவார்!